அவனுக்கு சார், எனக்கு வாத்து

செப்டம்பர் 4, புதன்

காலை முதல் மாலை வரை என்னை வாத்து என்று கூப்பிட்டார்கள். ‘ஆல் ரைட், டக்?’ ‘இத எங்க போடணும், டக்?’ இங்கிலாந்தின் நடுவில், டெர்பிக்கு வடக்கே இருக்கும் சின்ன ஊர் இது. இங்கே ஆண், பெண், கிழவர், குழந்தை எல்லாரும் ஒருவருக்கொருவர் வாத்துகள். எனக்கு இது புதுச் செய்தி அல்ல. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., எம்.ஃபில். முடித்தவன் நான், வட்டார வழக்குகளைப் பற்றி வகுப்பே எடுத்திருக்கிறேன். தெரிந்து வைத்திருப்பது வேறு, அந்தப் பெயரால் கூப்பிடப்படுவது வேறு.

வேலை, நகரசபையின் குப்பைக் கிடங்கில். ‘மறுசுழற்சி மையம்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் காரில் பழைய கட்டில், துருப்பிடித்த சைக்கிள், வெட்டிய புல் எல்லாம் கொண்டுவருவார்கள். மரம் இந்தத் தொட்டி, இரும்பு அந்தத் தொட்டி என்று நான் கை காட்ட வேண்டும். நாகர்கோவிலில் பத்தொன்பது வருடம் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளனாக நின்று கரும்பலகையில் எழுதிய கை. மனைவி ஐரினுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். இங்கேயும் தற்காலிகம்தான், ஏஜென்சி மூலம். ஆனால் நிரந்தர இடம் ஒன்று காலியாக இருக்கிறது, கிறிஸ்துமஸுக்குள் ஆள் போட்டுவிடுவோம் என்று மேற்பார்வையாளர் டோனா சொன்னாள். அந்த இடம் எனக்கு வேண்டும். குப்பையானாலும் பரவாயில்லை. சாவதற்குள் ஒருமுறை நான் எங்காவது நிரந்தரமாக வேண்டும்.

கூட நிற்பவன் கீத். அறுபதைத் தாண்டியவன், தொப்பை பெருத்தவன், காதில் பென்சில் செருகியிருப்பவன். கை குலுக்கிவிட்டு, ‘உன்ன எப்படிக் கூப்பிடறது?’ என்றான். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற பேதம் இல்லை. அவன் முகத்தைப் பார்த்து நான்தான் ‘உன்ன’ என்று எழுதுகிறேன்.

‘மிஸ்டர் ஞானசிகாமணி.’

வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். ‘ரைட்டு, டக்’ என்றான்.

செப்டம்பர் 5, வியாழன்

‘ஆல் ரைட்?’ என்பது கேள்வி அல்ல என்று எனக்குத் தெரியும். விவரம் இல்லாதவர்கள்தான் நின்று தலைவலி, மூட்டுவலியெல்லாம் ஒப்பிப்பார்கள். கேள்வியே இல்லாதபோது பதில் எதற்கு? நான் பதில் சொல்வதில்லை. மண் அள்ளும் வண்டி ஓட்டும் ஸ்டீவ் என்பவன் காலையிலிருந்து பல தடவை கேட்டுப் பார்த்தான். கடைசியில் கீத்திடம் போய், ‘இந்த ஆளுக்குக் காது கேக்காதோ?’ என்றான். எனக்கு நன்றாகவே கேட்டது.

செப்டம்பர் 10, செவ்வாய்

இங்கே எடுபிடி வேலைக்கு ஆள் கிடையாது என்று நினைத்திருந்தேன். இருக்கிறான். கீத்தான் அது. பத்து மணி ஆனதும் கேபினுக்குள் போய் கெட்டிலைப் போட்டு எல்லாருக்கும் தேநீர் கொண்டுவருகிறான். எனக்கு எத்தனை சர்க்கரை என்று முதல் நாளே கேட்டு நினைவில் வைத்திருக்கிறான். எங்கள் கல்லூரியில் அட்டெண்டர் பொன்னையன் செய்த வேலை. வயதில் மூத்தவனை இதற்கு வைத்திருப்பது இவர்களுடைய பண்பாட்டின் லட்சணம்.

குடித்து முடித்து, கழுவுவதற்காகக் கோப்பையை அவனிடம் நீட்டினேன். உடனே வாங்கவில்லை. என்னையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வாங்கிக்கொண்டு, ‘உத்தரவு, மகாராஜா’ என்றான். ஸ்டீவ் வண்டிக்குள் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். எடுபிடி கேலி செய்யும் அளவுக்கு இங்கே ஒழுங்கு கெட்டுக் கிடக்கிறது. டோனா காதில் விழுந்தும் அவள் கண்டிக்கவில்லை. குறித்து வைக்கிறேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்தோம். ஐரின் மீன் பொரித்துக்கொண்டே போனில் யாருடனோ பேசினாள். ‘டா, டக்!’ என்று சொல்லி வைத்தாள். நன்றி, வாத்தே.

‘யாரு?’

‘வார்டு சிஸ்டர். ஷிப்ட் மாத்தித் தந்தா.’

‘மேலதிகாரியப் போயி வாத்துங்கியா?’

‘சொல்லாட்டாதான் அவளுக்கு விசனம். எம்மேல கோவமான்னு கேப்பா.’ கரண்டியை என் பக்கம் திருப்பினாள். ‘இஞ்ச பாருங்க, வடசேரிச் சந்தையில மீன்காரி ஒங்கள என்னன்னு கூப்பிடுவா? மக்களேன்னுல்லா? அதுக்கு அவ ஒங்களப் பெத்தான்னா அர்த்தம்?’

‘அது நம்ம ஊரு.’

‘இது அவங்களுக்க ஊரு. ரோட்டுல ஒருத்தன் எங்க, தூரமான்னு கேட்டா நின்னு பஸ் நம்பரா சொல்லுவிய? இந்தா, இங்கதான்னு சொல்லிட்டுப் போவிய. ஒண்ணும் சொல்லாமப் போனா அவன் என்ன நெனப்பான்?’

செல்லப் பெயர்களைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கல்லூரியில் ஜஸ்டஸ் என்று ஒருவன் இருந்தான். அவனும் தற்காலிகம். தோளில் கை போடாமல் பேச மாட்டான். மக்கா என்பான். என் குறிப்புகளை வாங்கிக்கொண்டு போய் அவன் வகுப்பில் வாசிப்பான். ‘ஒனக்கு முந்தி நிரந்தரம் எனக்குக் கெடச்சா வாங்குவேனா மக்கா?’ என்பான். பிறகு தாளாளர் வீட்டில் பெண் எடுத்தான். நிரந்தர உத்தரவு அவன் பெயருக்கு வந்தது. வந்த அன்றும் தோளில் அதே கை. ‘விடு மக்கா, அடுத்தது ஒனக்குத்தான்.’ அடுத்தது வரவே இல்லை. நம்மிடமிருந்து எதையோ எடுக்கப் போகிறவன்தான் நம்மைச் செல்லமாகக் கூப்பிடுவான். இது நான் பத்தொன்பது வருடத்தில் படித்தது. எம்.ஃபில்லில் இல்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

வேலையில் பொழுது போகாததால் இவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் விதத்தைக் கவனித்து வருகிறேன். ஆண்களுக்குள் ‘மேட்’, கூட்டாளி என்று பொருள். தொட்டிக்குள் சோபாவைத் தள்ள உதவியவனுக்கு மேட். பின்னால் வந்து இடித்த காரில் இருப்பவனுக்கும் மேட். முதலாவதை இழுத்துச் சொல்கிறார்கள், இரண்டாவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு. கடைக்காரப் பெண் எனக்கு ‘லவ்’ போடுகிறாள். எனக்குப் பின்னால் நின்ற பல் போன கிழவனுக்கும் அதையே போட்டாள். முடிதிருத்துபவன் ‘பாஸ்’ என்கிறான். பஸ் டிரைவர் ‘சீஃப்’ என்கிறான். மொத்தத்தில் எல்லாருக்கும் எல்லாப் பெயரும் கொடுத்தால் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை என்றே பொருள்.

அக்டோபர் 3, வியாழன்

குளிர் தொடங்கிவிட்டது. கீத் தன் காரிலிருந்து ஒரு ஜோடித் தோல் கையுறை எடுத்து வந்து என்னிடம் போட்டான். ‘அவங்க குடுத்தது காகிதம் மாதிரி, ஆணி ஏறிடும், டக்.’ கையுறையில் விலைச்சீட்டின் நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தவறான அளவு வாங்கிவிட்டான் போலிருக்கிறது. எனக்குச் சரியாக இருந்தது.

அக்டோபர் 11, வெள்ளி

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

மதியம் ஒரு வெள்ளை வேன் வந்தது. உள்ளே இடித்த கட்டடத்தின் செங்கலும் காரையும். வியாபாரக் குப்பைக்கு இங்கே அனுமதி இல்லை. விதியைச் சொன்னேன். டிரைவர் இறங்கினான். என்னைவிட ஒரு முழம் உயரம். ‘இங்க பாரு, மேட்’ என்று ஆரம்பித்தான். அந்த இரண்டாவது வகை மேட். விரலை என் நெஞ்சில் வைத்துக் குத்தினான். நான் எந்த நாட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதையும் சொன்னான். நாட்டின் பெயரைத் தவறாகச் சொன்னான்.

கீத் எங்கிருந்தோ வந்தான். எனக்கும் டிரைவருக்கும் நடுவில் தொப்பையைக் கொண்டுவந்து நிறுத்தினான். நான் எதிர்பார்த்தது ஒரு வசவு. கீத் சொன்னது இது:

‘என்ன பிரச்சினை, சார்?’

சார்! அந்தப் பொறுக்கிக்கு!

‘உங்க வண்டியில ஏறிக்கிடுங்க, சார். கேட் அந்தப் பக்கம் இருக்கு, சார். உங்க நம்பர குறிச்சாச்சு, சார்.’ சத்தம் உயரவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சார். ஸ்டீவும் வண்டியை விட்டு இறங்கி வந்து பக்கத்தில் நின்றான். டிரைவர் காறித் துப்பிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனான்.

கீத் திரும்பி என் தோளில் கை போட்டான். ‘ஒண்ணும் ஆகலியே, டக்?’

அவனுக்கு சார், எனக்கு வாத்து. இதை நான் விடப் போவதில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

புகார் எழுதி முடித்தேன். நான்கு பக்கம். பணியிட மரியாதை பற்றி நகரசபையின் இணையதளத்தில் இருக்கும் விதிகளையும் மேற்கோள் காட்டியிருக்கிறேன். ஐரின் பின்னால் நின்று வாசித்தாள்.

‘நாலு பக்கமா? ஒரு வாத்துக்கா?’

‘மரியாதைக்கு.’

‘அந்தத் தடியன் அடிக்க வந்தப்போ இவருதானே முன்னால வந்து நின்னாரு?’

‘நின்னான். நின்னு, என் கண்ணு முன்னால அவனுக்கு சார் போட்டான்.’

ஐரின் கட்டிலில் உட்கார்ந்தாள். ‘எங்க அண்ணன் சொத்துப் பேச்சு பேச வந்தப்போ நீங்க என்ன சொன்னிய? "வாருங்க, இருங்க, நல்லாருக்கியளா"ன்னு ஒரு நீட்டு நீட்டுனிய. கல்யாணத்துக்குப் பொறவு அன்னைக்குத்தான் அவன நீங்க வாங்க போங்கன்னு சொன்னிய. அவன் வெளிறிப் போயி எறங்கிட்டான். கோவம் வந்தா ஒங்களுக்கும் மரியாதைதான் மொதல்ல வரும். அவருக்கும் அதானே?’

‘அது வேற.’

‘என்ன வேற?’

‘வேற.’

‘சவத்தெ என்னமும் செய்யுங்க’ என்று எழுந்து போனாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

டோனா கேபினுக்கு வெளியே என்னை மடக்கினாள். ஏஜென்சியிலிருந்து புகார் அவளிடம் வந்திருக்கிறது. ‘இத பெருசாக்க வேண்டாமே. ஒரு டீ போட்டு, நாலு பேரும் உக்காந்து பேசுனா முடிஞ்சு போச்சு. கீத்துகிட்ட நானே சொல்றேன், டக்... சாரி. சாரி.’ முகம் சிவந்துபோனாள்.

எழுத்தில் கொடுத்ததற்கு எழுத்தில்தான் பதில் வேண்டும் என்றேன். தேநீரில் தீர்த்துவிடுகிற விஷயங்களை நான் நாகர்கோவிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். தாளாளர் வீட்டில் எனக்கும் ஒருமுறை தேநீர் கொடுத்தார்கள், முறுக்கோடு.

அவள் பெருமூச்சு விட்டாள். ‘நிரந்தர இடத்துக்கு நான் பேர் குடுக்கப் போற நேரம் பாத்து...’ என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். மிரட்டல். இதையும் குறித்து வைக்கிறேன். இடம் எனக்குக் கிடைக்காவிட்டால் அடுத்த புகார் அதைப் பற்றித்தான் இருக்கும்.

அக்டோபர் 28, திங்கள்

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து எல்லாரையும் உட்காரவைத்து விசாரித்தாள். கீத் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். ஏன் அப்படிக் கூப்பிட்டீர்கள் என்று அவள் கேட்டபோது, ‘எங்கம்மாவ சாகற வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டேன்’ என்றான். தாயையே வாத்து என்றவன். அந்த அம்மாள், ‘அது இங்க பொருந்தாது’ என்று சரியாகச் சொன்னாள்.

முடிவு: கீத்துக்கு எச்சரிக்கை, அவனுடைய பணிப்பதிவில் ஏறும். முப்பது வருடத்தில் முதல் எச்சரிக்கை என்று ஸ்டீவ் முணுமுணுத்தான். இனி என்னை எல்லாரும் மிஸ்டர் ஞானசிகாமணி என்றே கூப்பிட வேண்டும்.

வென்றேன். வாழ்க்கையில் நான் எழுதிக் கொடுத்த ஒரு மனுவுக்கு முதல்முறையாக நியாயம் கிடைத்திருக்கிறது.

அக்டோபர் 29, செவ்வாய்

‘குட் மார்னிங், மிஸ்டர் ஞானசிகாமணி.’ கீத். ‘குட் மார்னிங், மிஸ்டர் ஞானசிகாமணி.’ ஸ்டீவ். டோனா கொஞ்சம் தடுமாறினாள். இரண்டாவது முறை சரியாகச் சொன்னாள்.

‘தொட்டி நிரம்பிடுச்சு. நீங்கள் சொன்னால் மாற்றிவிடலாம்.’ கீத் இப்படிச் சொன்னான். இன்று முதல் இவர்கள் பேச்சை நீங்கள் போட்டே எழுதுகிறேன். குரலிலேயே அது இருக்கிறது.

நவம்பர் 4, திங்கள்

பத்து மணிக்குத் தேநீர் வரவில்லை. மற்றவர்களுக்கு வந்தது. கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. நாளை முதல் பிளாஸ்கில் கொண்டுபோகிறேன். ஐரின் போடும் தேநீர் இவர்களுடைய கழுநீரைவிட எவ்வளவோ மேல்.

நவம்பர் 8, வெள்ளி

கேபினுக்குள் நுழைந்தேன். பேச்சு நின்றது. ஒழுக்கம் வந்திருக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

பிளாஸ்க் எதற்கு என்று ஐரின் கேட்டாள். சொன்னேன். கீத் என்ற எடுபிடி என்மேல் உள்ள காழ்ப்பில் எனக்கு மட்டும் கொண்டுவருவதில்லை என்றேன்.

‘எடுபிடியா? அவருக்க வேலை டீ போடுறதா?’

‘அவன்தான் போடுவான்.’

‘தெனமுமா? ஸ்டீவு போடலியா? டோனா போடலியா?’

யோசித்துப் பார்த்தேன். சில நாட்கள் ஸ்டீவ் கொண்டுவந்திருக்கிறான். டோனாவும் கொண்டுவந்திருக்கிறாள். நான் கவனித்ததில்லை.

‘மாறி மாறிப் போடுவாவ. எங்க வார்டுலயும் அப்படித்தான். கன்சல்டண்டு டாக்டர் வரைக்கும் போடுவாரு. நீங்க ஒரு நாளாவது போட்டியளா?’

‘என்கிட்ட யாரும் சொல்லல.’

‘சொல்லித் தருவாவளா அதெல்லாம்? ரெண்டு மாசம் அந்த மனுசன் கையில வாங்கிக் குடிச்சிருக்கிய. கப்பக் கழுவுறதாவது...’ என் முகத்தைப் பார்த்தாள். ‘அய்யோ, அதயுமா அவருகிட்ட குடுத்திய?’

நான் தேநீர் போடுவதற்காக வேலைக்குச் சேரவில்லை என்றேன்.

நவம்பர் 14, வியாழன்

மழை. கையுறை நனைந்தால் கனக்கிறது. வேறு வாங்க வேண்டும்.

நவம்பர் 21, வியாழன்

கிடைத்துவிட்டது.

டோனா கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தாள். ‘மிஸ்டர் ஞானசிகாமணி, டிசம்பர் முதல் நீங்கள் நிரந்தரம்.’ நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. அவள் கை கொடுத்தாள். நுனி விரலால்.

போகத் திரும்பினேன். ‘இன்னொண்ணு’ என்றாள். ‘இத நான் சொல்லக்கூடாது. ஆனா உங்களுக்குத் தெரியணும். உங்கள எடுக்கச் சொன்னது கீத். இந்த இடத்துக்கு யாரப் போடலாம்னு கூட வேலை செய்றவங்ககிட்ட கேக்கறது எங்க வழக்கம். அக்டோபர் முதல் வாரம் கேட்டேன். ஸ்டீவ் மாட்டேன்னான். கீத் சொன்னாரு: "சிடுமூஞ்சிப் பய. ஆனா நம்ம சிடுமூஞ்சி. எடுத்துக்கோ." விசாரணை முடிஞ்சதும் மறுபடி கேட்டேன், அந்தப் பேச்ச வாபஸ் வாங்கிக்கறீங்களான்னு. எதுக்குன்னாரு.’

பிறகு அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். கீத் மாற்றல் கேட்டிருக்கிறான். பக்கத்து ஊர்க் கிடங்குக்கு. ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருக்கும்போது.

எனக்குப் பரிந்து பேசியது குற்றவுணர்ச்சியால் இருக்கலாம். ஆனால் அக்டோபர் முதல் வாரம் என்றால் புகாருக்கு முன்பு. அப்போது அவனுக்குக் குற்றவுணர்ச்சி வரக் காரணம் இல்லை. வேறு ஏதோ கணக்கு இருந்திருக்க வேண்டும். என்ன கணக்கு என்று சாயங்காலம் முழுக்க யோசித்தேன். பிடிபடவில்லை.

ஐரினிடம் நிரந்தரமானதை மட்டும் சொன்னேன்.

‘கிட்டிற்றுல்லா! ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இத்தன வருசம் காத்துக் கெடந்ததுக்கு...’ கையைத் துடைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ‘என்ன, முகத்துல சந்தோசத்தக் காணல்லியே?’

களைப்பு என்றேன்.

நவம்பர் 29, வெள்ளி

கீத்தின் கடைசி நாள். மதியம் கேபினில் மீனும் உருளைக்கிழங்கும் வாங்கி வைத்துப் பிரிவு உபசாரம் நடத்தினார்கள். பழைய ஆட்கள் சிலர் வந்திருந்தார்கள். டோனா வந்து, ‘நீங்கள் விரும்பினால் கலந்துகொள்ளலாம், மிஸ்டர் ஞானசிகாமணி’ என்றாள். கார்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. உள்ளே சிரிப்புச் சத்தம் ஓயவே இல்லை. வாத்து, வாத்து, வாத்து. வெளியே வரை கேட்டது.

நாலரை மணிக்குக் கீத் கிளம்பினார். எல்லாரும் வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு உள்ளே போனார்கள். அவர் கார் என் தொட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றது. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார். நான் அருகே போனேன். சொல்ல வேண்டும் என்று மனதில் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். அதன் கடைசி வார்த்தை ஒரே ஓர் அசை. குழந்தைகள்கூடச் சொல்கின்றன.

‘குட் லக்’ என்றேன். அந்தக் கடைசி வார்த்தை வரவில்லை.

‘உங்களுக்கும், மிஸ்டர் ஞானசிகாமணி’ என்றார்.

ஓர் எழுத்தும் பிசகவில்லை. ஞாவும் ணியும்கூடச் சுத்தமாக இருந்தன. இந்த ஊரில் ணகரம் சொல்லத் தெரிந்த ஆங்கிலேயர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். யாரிடமோ கேட்டுப் பயிற்சி செய்திருக்கிறார். தலையசைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

டிசம்பர் 2, திங்கள்

நிரந்தரம். முழுப் பெயர் அச்சிட்ட புதிய அட்டை தந்தார்கள். நீளத்தால் எழுத்தைச் சிறிதாக்கியிருக்கிறார்கள்.

டிசம்பர் 9, திங்கள்

கீத்தின் இடத்துக்கு ஏஜென்சியிலிருந்து ஒருவன் வந்தான். நாற்பது வயது இருக்கும். இலங்கைக்காரன் என்று வாயைத் திறந்ததும் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அவன் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இரண்டு எட்டில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

‘அண்ணை, நீங்கள் தமிழோ? நான் ஒருத்தரும் இருக்க மாட்டினம் எண்டு பயந்துகொண்டு வந்தனான். எந்த ஊர் அண்ணை?’

என் கையை அவன் விடவே இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். ஸ்டீவ் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். முதல் நாளே, முன்பின் தெரியாதவன், அண்ணை. எனக்குள் ஏதோ விறைத்தது. வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது இதுதான்:

‘இங்க எல்லாரும் என்னை மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிடுவாங்க. நீங்க சார்னு கூப்பிடலாம்.’

அவன் என் கையை மெதுவாக விட்டான். ‘ஓம் சேர். மன்னிக்க வேணும், சேர்’ என்றான்.

எந்தத் தொட்டியில் என்ன போடுவது என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டான். ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘ஓம் சேர்’. சிறிது நேரம் கழித்து ஸ்டீவ் அவனிடம் போய், ‘ஆல் ரைட், டக்?’ என்றான். ‘ஆல் ரைட், மேட்!’ என்றான் இவன், ஏதோ பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகியவன் மாதிரி. பத்து மணிக்குப் பார்த்தால் கெட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் தேநீர் கலக்கிக்கொண்டிருக்கிறான். முதல் நாளில்! யார் சொல்லிக் கொடுத்தது?

மழை வலுத்ததால் நானும் கேபினுக்குள் போனேன். மூவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவன் சடக்கென்று நாற்காலியை விட்டு எழுந்தான். ‘சேர், இருங்கோ.’ நான் உட்கார்ந்தேன். ஸ்டீவுக்கு வண்டியில் ஏதோ வேலை நினைவுக்கு வந்தது. டோனாவுக்குப் போன் செய்ய வேண்டியிருந்தது. அவன் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு, ‘நான் வெளியில பாக்கிறன் சேர்’ என்று மழைக்குள் இறங்கிப் போனான். ஹீட்டர், நாற்காலிகள், முழுக் கேபினும் எனக்கே இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது ஐரினிடம் சொன்னேன்.

‘நம்ம பாசை பேசுற ஆளா? நல்லதாப் போச்சு! ஒரு நாளு வீட்டுக்குக் கூட்டிட்டு வாருங்க, குடும்பமா இருந்தா எல்லாருமா வரட்டு. அவருக்க பேரு என்ன?’

‘கேக்கல.’

‘ஒரு பகல் முழுக்கக் கூட நின்னுருக்கிய. பேரு கேக்கலியா?’

‘அவனும் என் பேரக் கேக்கல.’

ஐரின் சாப்பிடுவதை நிறுத்தினாள். ‘அப்ப ஒங்கள என்னன்னு கூப்பிட்டாரு?’

‘சார்னு.’

‘யாரு அப்படிக் கூப்பிடச் சொன்னா?’

குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊற்றினாள்.

டிசம்பர் 13, வெள்ளி

நாள் முழுக்க வெயில். கார்கள் நிறைய. யாரும் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.